அசாதாரணத் திறமையுள்ள புருஷன்

என் மனைவி செண்பகவல்லியின் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடுவது என்று முடிவுசெய்தேன். வாயால் வராவிட்டால் எழுத்தால். முடிந்தால் ஐந்து பிரதிகளில்.

பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னை ஒரே ஒரு தடவை பாராட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், "நல்லா தூங்குதீங்க" என்றாள். அது பாராட்டுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவளையும் குறை சொல்ல முடியாது. உத்தியோகம் அப்படி. இங்கே அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரத்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களைத் தோண்டித் துருவிப் பார்ப்பது அவள் வேலை. கார் நொறுங்கிவிட்டது, கூரையில் மரம் விழுந்துவிட்டது என்று கண்ணீரும் கம்பலையுமாக வருகிறவர்களிடம் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்குத் தலைவலி என்றால் ஆதாரம் கேட்பாள். பல் தேய்த்துவிட்டேன் என்றால் போய் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பாள்.

நான் சங்கரபாண்டியன். சொந்த ஊர் தூத்துக்குடி. சாலை இன்ஜினியர். குளிர்காலத்தில் ரோட்டில் உறைகிற பனியை உப்புப் போட்டுக் கரைப்பது என் துறை. உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் உப்புப் போடுவதற்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறேன். பீட்ரூட் சாற்றை உப்புக் கரைசலோடு இன்ன அளவில் கலந்து, பனி விழுவதற்கு முன்பே ரோட்டில் தெளித்துவிட்டால் பாதி உப்பே போதும் என்று ஒரு கணக்குக் கண்டுபிடித்தேன். அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் கனடாவிலும் இப்போது அந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு சரியா என்பதில் மட்டும் என் கருத்தை யாரும் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் விசாவில் வந்து பதினான்கு வருஷமாகிறது. க்ரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை எத்தனை நீளம் என்றால், என் முறை வரும்போது கார்டைக் கைநீட்டி வாங்க நான் இருக்கமாட்டேன். என்னைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் மகள் பொருநையைப் பற்றித்தான். அவளுக்கு வயது பதினேழு. இருபத்தொன்று ஆகிவிட்டால் அவள் எங்கள் மனுவிலிருந்து கழன்றுவிடுவாள். அதற்குமேல் அவள் பாடு அவளுக்கு. மூன்று வயதில் வந்த பிள்ளை. தமிழைக்கூட டுலூத் இழுவையில்தான் பேசும். அதைப் பார்த்து "உன் ஊருக்குப் போ" என்றால் எந்த ஊருக்குப் போகும்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. செண்பகம் நினைத்தால் எதுவும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்தாலே விஷயம் பெரிது என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

குறுக்குவழி ஒன்று உண்டு என்றாள் வக்கீல் கொலீன். குறுக்குவழி என்றால் சட்டப்படியான குறுக்குவழிதான். தன் துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு என்று தனி வரிசை. அது குட்டி வரிசை. அதில் ஏறிவிட்டால் பொருநைக்கு இருபத்தொன்று ஆவதற்குள் கார்டு வந்துவிடும்.

"பத்துத் தகுதி போட்டிருக்காங்க. அதுல குறைஞ்சது மூணு உங்ககிட்ட இருக்கணும்" என்றாள் கொலீன். "விருது ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

கோப்பைத் திறந்து நீட்டினேன். ஏழாம் வகுப்பு. லெமன் அண்ட் ஸ்பூன் ஓட்டம். இரண்டாம் பரிசு.

கொலீன் அதை நெடுநேரம் பார்த்தாள். "சரி, சிறந்தவங்களை மட்டும் சேத்துக்கிற சங்கம் எதுலயாவது உறுப்பினரா?"

"தமிழ்ச் சங்கத்துல இருக்கேன் மேடம்."

"அதுல சேர என்ன தகுதி வேணும்?"

"அறுபது டாலர்" என்றாள் செண்பகம்.

"மத்தவங்க வேலையை நடுவரா இருந்து மதிப்பிட்டிருக்கீங்களா?"

"கோலப் போட்டிக்கு நடுவரா இருந்திருக்கேன்."

"என் கோலத்துக்கு ரெண்டாம் பரிசு குடுத்தவரும்மா இவரு" என்றாள் செண்பகம். "இவரு தீர்ப்பை நம்பி கவர்ன்மென்ட் எதுவும் செஞ்சிறக் கூடாது."

நல்லவேளையாக என் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொலீனின் கண்ணில் பட்டன. ஒன்று தேறியது. மற்றவர்களின் கட்டுரைகளைப் பத்திரிகைகளுக்காக நான் சரிபார்த்துக் கொடுத்ததும் தெரியவந்தது. இரண்டு தேறியது. மூன்றாவதுதான் உயிர்நாடி. என் வேலையால் இந்தத் துறையே மாறிப்போனது என்று, துறையில் உள்ள பெரிய ஆட்கள் ஐந்து பேர் கடிதம் தரவேண்டும்.

"எழுதுறதுக்கு அவங்களுக்கு நேரம் இருக்காது" என்றாள் கொலீன். "வரைவை நீங்களே எழுதி அனுப்பிருங்க. அவங்க படிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போடுவாங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அதாவது என்னைப் பற்றி நானே, அடுத்தவர் குரலில், ஐந்து தடவை புகழ்ந்து எழுதவேண்டும். கூச்சமாக இருந்தது. ஆனாலும் மகளுக்காக உட்கார்ந்து எழுதினேன். தமிழ்நாட்டில் படித்தவனுக்குச் சான்றிதழ் என்றால் ஒரே சான்றிதழ்தான் தெரியும். "திரு. சங்கரபாண்டியன் அவர்களை எனக்குக் கடந்த ஆறு ஆண்டுகளாகத் தெரியும். அவர் நேர்மையானவர். கடின உழைப்பாளி. கீழ்ப்படிதல் உள்ளவர். எனக்குத் தெரிந்தவரை அவரது நடத்தை நன்று. அவர் வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்." ஆறு ஆண்டு என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு ஐந்து பிரதி எடுத்து வக்கீலுக்கு அனுப்பினேன்.

மறுநாள் கொலீன் கூப்பிட்டாள். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அது நான் செய்த தப்பு.

"கீழ்ப்படிதல் உள்ளவர்னு போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"நல்ல குணம்தானே மேடம்?"

"அஞ்சு லெட்டர்லயும் இருக்கு. நடத்தை நன்றுன்னு வேற இருக்கு. இந்த ஆளு ஜெயில்லேருந்து வெளிய வர மனுப் போட்டிருக்கானான்னு அதிகாரி கேக்கப்போறாரு."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "கீழ்ப்படிதலா? அதுக்கு ஆதாரம் இருக்கா?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு யோசனை பிறந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"செண்பகம், எனக்கு எழுத வரலை. நீ எழுதித் தாயேன்."

"நானா? எனக்கு உங்க உப்பைப் பத்தி என்ன தெரியும்?"

"உப்பைப் பத்தி நான் சொல்லுதேன். நீ என்னைப் பத்தி எழுது."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, எழுதுதேன்" என்றாள். இத்தனை சுலபமாக எதற்கும் அவள் சம்மதித்ததில்லை. நான் உஷாராகியிருக்கவேண்டும். ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. 'ஒப்பற்றவர்', 'தன்னிகரில்லாதவர்' என்று என் பெண்டாட்டியே எழுதப்போகிறாள்! இனி எந்தச் சண்டையில் எந்த வாதத்தை வைத்தாலும் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டுவிடலாம். ஆதாரம் கேட்டாயே, இந்தா ஆதாரம், நீ எழுதியதுதான். கடைக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் ஐந்து வாங்கிவந்தேன். ஹாலில் எந்தச் சுவர் என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

எழுதுவதற்கு முன் விசாரணை வைத்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வருகிறவர்கள் மீது எனக்கு அன்றைக்கு முதன்முதலாக இரக்கம் வந்தது.

"பாதி உப்புப் போதும்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னா ஆச்சா? வேற யாரு சொன்னா?"

"விஸ்கான்சின்ல ஒரு வருஷம் போட்டுப் பாத்தாங்க. பாதிதான் செலவாச்சு."

"அதுக்கு அவங்க கணக்கு வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க."

"வாங்குங்க. கனடாவுல உங்க கலவையை எதுக்கு எடுத்தாங்க? அங்கன உப்பு இல்லையா?"

"உப்பு ஓடி ஏரித் தண்ணில கலந்து மீன் செத்துச்சு. அதான்."

"இப்பம் மீன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"மீனை யாரு பாத்தா?"

"செண்பகம், நடுவுல 'ஒப்பற்ற'ன்னு ஒரு வார்த்தை போட்டுக்கோயேன்."

"எதுக்கு?"

"சும்மா ஒரு ஓட்டத்துக்கு."

"ஓட்டத்துக்குத்தான் லெமன் ஸ்பூன் இருக்குல்லா?"

இப்படியே நாலு கடிதம் தயாரானது. எழுதித் தரச் சம்மதித்திருந்த நாலு பேராசிரியர்களும் ஒரு கமா கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது கடிதம்தான் முக்கியம். எங்கள் மாவட்டத்துச் சாலைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆர்னே டாலஃப்சன். என் கலவையை முதன்முதலில் நம்பித் தன் லாரிகளில் ஏற்றியவர் அவர். அவர் கடிதம் இல்லாவிட்டால் மற்ற நாலும் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று கொலீன் சொல்லியிருந்தாள்.

செண்பகம் எழுதிய ஐந்தாவது வரைவைப் பார்த்தேன். எல்லாம் நடந்தது, அளந்தது, குறைந்தது. ஒரு புகழ்ச்சிகூட இல்லை. சட்டம் போட்டு மாட்டும்படியாகவா இருக்கிறது? அவள் ஆபீசுக்குப் போன பிறகு நானே உட்கார்ந்து கொஞ்சம் தாளித்தேன். 'வியக்கத்தக்க', 'இணையற்ற', 'இந்த நூற்றாண்டின்' என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டேன். அவள் எழுதிய கடிதத்தில் இருந்தால் அவள் எழுதியதுதானே? கொண்டுபோய் ஆர்னேயிடம் நீட்டினேன்.

மினசோட்டாக்காரர்களின் சுபாவம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் வாயிலிருந்து வருகிற உச்சக்கட்டப் பாராட்டு "மோசமில்ல" என்பது. சொர்க்கத்தைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆர்னே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். காது சிவந்துகொண்டே வந்தது.

"ஷேங்க், இது யாரைப் பத்தி?" என்றார். அவர் என்னை ஷேங்க் என்றுதான் கூப்பிடுவார்.

"என்னைப் பத்தித்தான்."

"உன்னையா? நான் வேற யாரோ பெரிய ஆளுன்னு நெனைச்சேன்." கடிதத்தைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினார். "இதுல என்னால கையெழுத்துப் போட முடியாதுப்பா. நான் யாரையும் இணையற்றன்னு சொன்னதில்ல. என் பொண்டாட்டி லோயிஸையே நாப்பது வருஷமா மோசமில்லன்னுதான் சொல்லிட்டிருக்கேன். உனக்கு இப்படி எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவ என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருவா."

"ஆர்னே, வேணும்னா ஒரு வார்த்தைய எடுத்திரலாம்..."

"பொய்யின்னு ஒரு தடவை மனசுல பட்டுட்டா, அப்புறம் நீ எதைத் திருத்திக் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போட எனக்குக் கை வராதுப்பா."

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தாளை வாங்கி என் தாளிப்பைப் படித்தாள். பிறகு பொருநையின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உள்ளே அவள் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நல்ல வார்த்தைக்கு ஆசைப்பட்டு என் பிள்ளையின் வாழ்க்கையில் கையை வைத்துவிட்டேனே என்று பதறினேன்.

"அவரு வீட்டுக்குப் போவோம்" என்றாள் செண்பகம். "அங்கன வந்து நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

முந்திரியை அரைத்து எங்கள் ஊர் மக்ரூன் ஒரு டப்பா நிறையச் செய்துகொண்டாள். சனிக்கிழமை ஆர்னே வீட்டுக்குப் போனோம். டப்பாவை நீட்டினாள். "வேணாம்மா" என்றார் ஆர்னே. மறுபடியும் நீட்டினாள். "ஐயோ, எதுக்கு" என்றார். மூன்றாம் தடவை நீட்டினாள். எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் எதையும் வாங்குவது அங்கேயும் மரியாதை, தூத்துக்குடியிலும் மரியாதை. முதல் மறுப்பிலேயே டப்பாவை மூடுகிறவனுக்கு இரண்டு ஊரிலும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

ஆர்னே ஒன்றைக் கடித்தார். "மோசமில்ல" என்றார். இன்னும் நாலு எடுத்தார்.

"ஆர்னே, உங்க வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா ஸ்கூல் மேடு தெரியுது" என்றாள் செண்பகம். "பனிக்காலத்துல அந்த மேடு முன்னாடி எப்படி இருக்கும்?"

"வழுக்கும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?" என்றாள் லோயிஸ். "ஸ்கூல் பஸ் பக்கவாட்டுல திரும்பி வந்து நம்ம தபால் பெட்டிய இடிச்சதே!"

"அது எப்பவோ ஒரு தடவை."

"மூணு தடவை, ஆர்னே! மூணாவது தடவை நீங்க தபால் பெட்டிய இடம் மாத்தி நட்டீங்க."

"இப்ப எப்படி?" என்றாள் செண்பகம்.

"இப்ப வழுக்குறதில்ல."

"எப்பலேருந்து?"

ஆர்னே என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. "இவன் கலவையப் போட ஆரம்பிச்சதுலேருந்து" என்றார்.

"அதை விட்டா வேற என்ன மாறியிருக்கு?"

ஆர்னே மக்ரூன் தூளை மேசையிலிருந்து விரலால் ஒற்றி எடுத்தார்.

"எங்க பேத்தி அந்த பஸ்லதான் போறா" என்றார். "முன்னாடில்லாம் பனி பெஞ்சா, பஸ்ஸு மேடு ஏறுற வரைக்கும் இந்த ஜன்னல்லயே நிப்பேன். லாரியெல்லாம் நானே அனுப்பிருப்பேன். உப்பெல்லாம் போட்டிருப்பேன். ஆனாலும் நிப்பேன். இப்ப நாலு வருஷமா நிக்கிறதில்ல. உக்காந்து காபி குடிக்கிறேன்."

லோயிஸ் எழுந்து போய்ப் பாத்திரம் எதையோ கழுவினாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

"அதை எழுதித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் செண்பகம்.

ஆர்னே தன் கையாலேயே எழுதினார். பஸ், தபால் பெட்டி, ஜன்னல், காபி. கடைசி வரி: "மொத்தத்தில் இவருடைய வேலை மோசமில்லை." கொலீன் அதைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். அவளும் மினசோட்டாக்காரிதான். "கடைசி வரில கை வைக்காதீங்க. இங்க இதுக்கு மேல ஒரு மனுஷன் சொல்லமாட்டான்" என்றாள்.

ஆர்னே வீட்டிலிருந்து அன்றைக்குத் திரும்பி வரும்போது செண்பகம்தான் காரை ஓட்டினாள். ஸ்கூல் மேட்டில் ஏறினோம். என் உப்பு ரோட்டில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் சோற்றில் உப்பிட்டவள் என் பிள்ளையின் வாழ்க்கையையும் கையில் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறாள். அவளுக்கும், ஆர்னேக்கும், அந்தத் தபால் பெட்டிக்கும்கூட நன்றி சொல்லத் தோன்றியது.

"செண்பகம், ரொம்ப நன்றிட்டி."

"எதுக்கு? ஆதாரம் இருந்துச்சு. கேட்டு வாங்குனேன்."

"இருந்தாலும்."

"ரோட்டைப் பாக்கவிடுங்க."

கண்ணாடிச் சட்டம் ஐந்தையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரசீதைச் செண்பகம் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

மனு ஏற்கப்பட்டுவிட்டது என்று கொலீன் கூப்பிட்டபோது வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். பொருநை எங்களோடுதான் இருப்பாள், வயது தாண்டுவதற்குள் கார்டு வந்துவிடும் என்றாள். செண்பகம் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "அம்மா, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொருநையும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் யாரிடமும் ஆதாரம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம். வெளியே காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

"செண்பகம், அமெரிக்க அரசாங்கமே ஒத்துக்கிடுச்சு. என் துறையில உச்சாணிக் கொம்புல இருக்க நாலஞ்சு பேருல நானும் ஒருத்தன். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுதேன். பனியைக் கரைக்கதுல உங்களை அடிச்சுக்க இந்த உலகத்துல ஆள் கிடையாது."

பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த காது. அது அந்த வார்த்தையைக் கேட்டுக் குளிர்ந்துபோனது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"எழுதித் தருவியா?"

"தாராளமா." ஒரு தாளை எடுத்துச் சொன்னதை அப்படியே எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். "எழுதுனதெல்லாம் உண்மைன்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. ரெண்டு தரப்பும் போட்டாத்தான் செல்லும்."

போட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தேதியோடு போட்டேன். அவள் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அது எனக்குத் தந்ததுல்லா?"

"என்கிட்ட பத்திரமா இருக்கட்டும். நம்ம வாசல்ல பனி அள்ள வார ஆளு இருக்காருல்லா, அவரை இன்னைக்குக் காலையிலயே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? எதுக்கு?"

"உலகத்துலயே பெரிய ஆளை வீட்டுல வச்சிக்கிட்டு வெளியாளுக்குக் காசு குடுத்தா ஊர் சிரிக்காதா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் முழங்கால் உயரத்துக்கு மூடிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். "வீட்டுல உப்பு இல்லையே செண்பகம்."

"வாங்கியாச்சு, வாசல்ல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க வாங்குததுல பாதிதான் வாங்கியிருக்கேன், உங்களுக்கு அது போதும்லா?"